தாழியும் வெள்ளிக் காசும் ஒரே காட்டில் கிடைத்தால் என்ன செய்வது, எப்படி ஆராய்வார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள-தமிழ்நாடு எல்லைக்குப் பக்கத்தில், தாத்தா காலத்துக் கடலைக்காட்டைத் தென்னந்தோப்பாக்க ஜேசிபி வைத்துக் குழி எடுத்திருக்கிறார்கள். ஒரு குழியில் பெரிய மண் தாழி உடைந்து, உள்ளே கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சட்டிகள், துருவேறிய இரும்பு, கொஞ்சம் எலும்பு. இருபதடி தள்ளி இன்னொரு குழியில் வாய் மூடிய சிறு கலயம், அதற்குள் கறுத்துப்போன வெள்ளிக் காசுகள். இரண்டும் ஒரே ஆட்களுடையதா, தொல்லியல்காரர்கள் வந்தால் என்ன செய்வார்கள், நிலம் கைவிட்டுப் போய்விடுமா என்று தம்பி கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பழம்பொருள் கிடைத்தது என்பதற்காக மட்டும் யாரும் உங்கள் நிலத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுங்கல்லூர் பக்கம் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் பல பருவங்கள் தோண்டினார்கள், பெரும்பாலான குழிகள் குடியிருப்பு வளவுகளில்தான், உரிமையாளர் சம்மதத்தோடு. வேலை முடிந்ததும் குழியை மூடிக் கொடுப்பதுதான் வழக்கம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அரசு முறைப்படி அறிவித்தால்தான் கட்டடம் கட்டுவதற்கு எல்லாம் கட்டுப்பாடு வரும், அதற்கும் அறிவிக்கை, ஆட்சேபணைக்கு அவகாசம் என்று வரிசை இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் எத்தனையோ பேர் ராத்திரியோடு ராத்திரியாகத் தாழியை நொறுக்கி மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் கேட்டதே பெரிய காரியம்.

சரி, இரண்டும் ஒரே காலமா? பெரும்பாலும் இருக்காது. ஒரே காட்டில், இருபதடி தூரத்தில் கிடந்தது என்பது ஒன்றையும் நிரூபிக்காது. தாழி என்பது செத்தவருக்காக வைத்தது, திரும்ப எடுக்கிற எண்ணமே அதில் கிடையாது. காசுக் கலயம் திரும்ப வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒளித்து வைத்தது, ஒளித்தவர் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் வருஷம் இருக்கலாம், இரண்டாயிரமும் இருக்கலாம். ஆனால் "இருக்காது" என்று அடித்துச் சொல்லவும் கூடாது, ஏனென்றால் நம் பகுதியிலேயே எதிர் உதாரணம் உண்டு: கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் ஒரு பெருங்கற்காலக் கல்லறையில் (பெரிய கற்களை வைத்துச் செத்தவரைப் புதைத்த காலம்) மத்திய இந்தியாவின் எரான் ஊர்க் காசு கிடைத்திருக்கிறது. காசு கல்லறைக்கு உள்ளேயே இருந்ததால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் காசு கல்லறைக்கு வெளியே, தனிக் கலயத்தில். இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

உங்கள் ஊர் இருக்கும் இடத்தையும் யோசியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம், மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி ஒரு திறப்பு வேறெங்கும் கிடையாது. முசிறித் துறையில் இறங்கிய சரக்கு கொங்கு நாட்டுக்குள் போக வேண்டுமென்றால் இதுதான் வழி. அதனால்தான் மேற்கே எய்யாலில் 1940-களில் ஒரு புதையல் வந்தது, ரோமானியத் தங்கக் காசு, ரோமானிய வெள்ளிக் காசு, நம் நாட்டு முத்திரைக் காசு மூன்றும் சேர்ந்தே. கிழக்கே வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள், அப்புறமும் பலமுறை. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். எய்யாலுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் போர்க்களம் என்ற ஊர். அங்கே 1948-ல் தொல்லியலாளர் பி.கே. தாப்பர் கல்வட்டத்துக்குள், அதாவது புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்களுக்குள், இருந்த தாழி ஒன்றைத் தோண்டினார். ஆக, தாழியும் வெள்ளியும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது இந்தப் பாதையில் புதிது அல்ல. ஒரே பாதையை ஆயிரக்கணக்கான வருஷம் ஆட்கள் பயன்படுத்தினால் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத்தான் செய்யும்.

காசைப் பற்றி. படம் பார்க்காமல் சொல்வதால் உங்கள் பக்கம் வரக்கூடிய வகைகளைச் சொல்கிறேன், நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்கில்லாத சதுரமாக, மூலை வெட்டியது போல இருந்து, ஒரு முகத்தில் சூரியன், ஆறு கைச் சக்கரம் என்று ஐந்து தனித்தனிக் குத்து இருந்தால் அது முத்திரைக் காசு. எடை மூன்று கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது, ஆனால் அதற்கு அப்புறமும் வெகுகாலம் கைமாறிக்கொண்டிருந்தது. வட்டமாக, மன்னன் தலையும் சுற்றி லத்தீன் எழுத்தும் இருந்தால் ரோமானியக் காசு, தினாரியஸ். நம் பக்கம் கிடைப்பதில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையது. இதற்குக் காரணமும் சொல்வார்கள்: நீரோ கி.பி. 64 வாக்கில் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்துவிட்டான், எடை பார்த்து வாங்கும் வியாபாரிகள் பழைய நல்ல காசையே விரும்பினார்கள். இங்கே வெள்ளிச் சுரங்கம் கிடையாது, எனவே காசாக வந்ததை வெள்ளிக் கட்டியாகவே மதித்தார்கள். சில காசுகளில் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருக்கும். அதைச் சேதம் என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே வெட்டியது, அந்தக் கோட்டைத் தனியாகப் படம் எடுங்கள்.

ஆனால் உங்கள் கலயத்தில் இருப்பது இவ்வளவு பழசாக இல்லாமலும் போகலாம். உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுக்கா கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது, சுற்றியிருந்த பாலக்காடு மலபாரோடு பிரிட்டிஷார் கைக்குப் போனது. அதனால் சங்கு போட்ட புத்தன் என்ற சின்னக் கொச்சி வெள்ளிக் காசு, சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசு, பாரசீக எழுத்துள்ள ஆற்காடு ரூபாய், 1835-க்குப் பிந்தைய ராஜா ராணி முகம் போட்ட கம்பெனி ரூபாய் எல்லாமே அங்கே புழங்கியவை. கம்பெனி ரூபாய் என்றால் 11.66 கிராம், கையில் எடுத்தாலே கனம் தெரியும். பாலக்காட்டுக் கோட்டை ஹைதர் காலத்தில் 1766-ல் எழுந்தது, அதற்காக 1783-லும் 1790-லும் சண்டை நடந்தது. படை வருகிறது என்று கேள்விப்பட்டால் வெள்ளியைப் புதைத்துவிட்டு ஓடுவதைத் தவிர சனங்களுக்கு வேறு வழி என்ன? 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்ஙளாயியில் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி எடுத்த தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) பெண்களுக்குப் பாத்திரத்தில் தங்கமும் வெள்ளிக் காசும் கிடைத்ததே, அது சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டதுதான். அந்தப் பெண்கள் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஊராட்சிக்குச் சொன்னார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

இனி உங்கள் தாழி. கறுப்பு-சிவப்புச் சட்டியும் இரும்பும் சேர்ந்து வந்தால் அது இரும்புக்காலப் புதைப்பு. பாலக்காட்டுக்காரர்கள் நன்னங்ஙாடி என்பார்கள், நாம் முதுமக்கள் தாழி என்போம். பெரும்பாலும் உடலை அப்படியே வைப்பதில்லை, வெளியில் வைத்து எலும்பு மட்டும் ஆனபிறகு பொறுக்கி எடுத்து, சட்டிகளோடும் கருவிகளோடும் இட்டு, மேலே பலகைக்கல்லை மூடுவார்கள். ஜேசிபி ஓட்டியவரிடம் கேளுங்கள், தாழி உடைவதற்கு முன்னால் தட்டையான கல் ஒன்று இடறியதா என்று. வரப்போரமும் கிணற்றுமேட்டிலும் உருண்டைக் கல் குவிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். உழவுக்கு இடைஞ்சலென்று தாத்தாவின் தாத்தா காலத்தில் பெயர்த்துப் போட்ட கல்வட்டமாக அது இருக்கலாம். ஒரு தாழி தனியாக இருப்பது அபூர்வம், பக்கத்தில் இன்னும் இருக்கும். எனவே மிச்சத் தென்னங்குழிகளை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

உங்கள் எலும்புத் துண்டுகள் நீங்கள் நினைப்பதைவிட முக்கியம். கேரளத்தின் செம்பாறை மண் அமிலத்தன்மை உள்ளது, அதில் எலும்பு கரைந்து போய்விடும், தாழி முழுசாகக் கிடைத்தும் உள்ளே வெறும் மண்தான் இருக்கும். உங்கள் கிழக்குப் பகுதியில் கரிசல், அடியில் சுண்ணாம்புச் சுக்கான், அதனால் எலும்பும் பல்லும் கொஞ்சமாவது தங்குகிறது. பல் ஒன்று நன்றாக இருந்தால் அந்த ஆளின் வயது, சாப்பாடு, பிறந்து வளர்ந்த இடம் வரை ஆய்வகத்தில் தேட முடியும். உடைந்த தாழிக்குள் இன்னும் ஒட்டியிருக்கிற மண்ணை உதறாதீர்கள். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் ஒரு கல்லறைச் சாடிக்குள் இருந்த நெல்லைத்தான் காலக்கணிப்புக்கு அனுப்பி கி.மு. 490 என்று கண்டார்கள். அந்தச் சாடியை யாராவது கழுவியிருந்தால் அந்த ஆண்டு நமக்குக் கிடைத்திருக்காது.

தொல்லியல் ஆட்கள் வந்தால் எடுத்ததும் மண்வெட்டி போட மாட்டார்கள். முதலில் வில்லேஜ் ஆபீஸ் வரைபடம், சர்வே எண், காட்டின் பழைய பெயர். "பாண்டியன் குழி", "பாண்டவர் காடு" என்பது போல வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர் ஏதாவது இருந்தால் குறித்து வையுங்கள். அப்புறம் வரிசையாக நடந்து மேலே கிடக்கும் ஓடுகளைக் கட்டம் கட்டமாகப் பொறுக்குவார்கள். உழுது ஒரு மழை பெய்த பிறகு இதற்கு நல்ல நேரம், ஓடு கழுவிக்கொண்டு மேலே தெரியும். எந்தக் கட்டத்தில் ஓடு அடர்த்தி என்று வரைபடத்தில் போட்டாலே குடியிருப்பு எங்கே, புதைகாடு எங்கே என்று ஒரு உருவம் வந்துவிடும். நிலத்தடி ராடார், காந்தமானி என்று கருவிகளும் உண்டு, ஆனால் ஈரக் களிமண்ணில் ராடார் அலை உள்ளே போகாது, கரிசலில் கோடையில்தான் முயன்று பார்க்க வேண்டும்.

ஜேசிபி எடுத்துப் போட்ட மண்மேடும் வீண் அல்ல. அதைச் சல்லடையில் சலிப்பார்கள். சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணி எல்லாம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. எனவே அந்த மண்ணை டிப்பரில் ஏற்றி எங்கும் அனுப்பிவிடாதீர்கள், தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள், எந்த மேடு எந்தக் குழியுடையது என்று குச்சியில் எழுதி நட்டுவிடுங்கள்.

தோண்டுவது வழக்கமாகப் பத்து மீட்டர் சதுரம், அதை நான்காகப் பிரித்து நடுவில் தோண்டாத வரப்பு விடுவார்கள். அந்த வரப்பின் பக்கவாட்டுச் சுவரைத்தான் கடைசிவரை படிப்பார்கள். எந்த மண்ணுக்கு மேல் எந்த மண், எந்தக் குழி எந்த அடுக்கை வெட்டிக்கொண்டு இறங்குகிறது என்பதெல்லாம் அந்தச் சுவரில்தான் தெரியும். 1940-களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டிலும் கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் இந்த முறையில்தான் தோண்டினார், போர்க்களத்தில் தோண்டிய தாப்பர் அவரிடம் பயின்றவர்.

உங்கள் கேள்விக்கு விடை அந்தச் சுவரில் இருக்கிறது. கலயத்தைப் புதைக்க ஒருவர் குழி வெட்டியிருக்கிறார் அல்லவா, அந்தக் குழியின் வாய் எந்த அடுக்கிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கலயம் இருந்த ஆழத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, நேற்று வெட்டிய குழியும் இரண்டாயிரம் வருஷத்து அடுக்குக்குள் இறங்கலாம். குழியின் வாய் உழவு மண்ணுக்குச் சற்றுக் கீழே தொடங்கினால் புதைத்தது பிற்காலம். தாழிக்குழி தொடங்கும் அதே அடுக்கில் அதுவும் தொடங்கினால் இரண்டும் நெருங்கிய காலம். அதோடு, கலயத்தில் இருக்கிற காசுகளில் எது கடைசியாக அச்சானதோ, அதற்குப் பிறகுதான் புதைத்திருக்க முடியும். ஐம்பது முத்திரைக் காசு இருந்து நடுவில் ஒரே ஒரு ஆற்காடு ரூபாய் இருந்தாலும் முடிவு அந்த ரூபாய் சொல்வதுதான். அதனால்தான் ஒரு காசுகூடப் பிரிந்து போகக் கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறோம். "ஞாபகத்துக்கு ஒன்று" என்று மாமா எடுத்துக்கொண்டு போன அந்த ஒரு காசு மொத்தத்தையும் மாற்றிவிடும்.

கரிசலில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, செம்மண் ஊரில் தோண்டிப் பழகியவர்களுக்கே இது பிடிபட நாளாகும். சித்திரை வெயிலில் கரிசல் வெடித்து ஆழமாகப் பிளக்கும், மேலே கிடந்த ஓடும் காசும் பிளவுக்குள் விழும், மழையில் மண் உப்பி மூடிக்கொள்ளும். வருஷா வருஷம் இப்படி நடந்தால் நேற்றைய கண்ணாடி வளையல் துண்டு பழைய அடுக்கில் போய்க் கிடக்கும், குழி வெட்டிய கோடும் அழிந்து போகும். எனவே கரிசலில் தனியாகக் கிடைத்த ஒரு காசை நம்பி எந்த அடுக்குக்கும் காலம் சொல்ல முடியாது. ஆனால் உங்களுடையது வாய் மூடிய கலயம். அது வெடிப்பில் நழுவி விழாது, மனிதக் கை வைத்த இடத்தில்தான் ஏறக்குறைய இருந்திருக்கும். உங்களுக்கு அமைந்த நல்ல விஷயம் இது. குழிக்கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அடியிலிருந்து வெட்டிப்போட்ட சுக்கான் கட்டிகள் குழியை மூடிய மண்ணில் கலந்திருக்கும், சுற்றியுள்ள சுத்தமான கரிசலில் இருக்காது. ஜேசிபி வெட்டிய குழியின் மிச்சச் சுவரில் அது இன்னும் தெரியலாம். அந்தச் சுவரைச் செதுக்கிச் சுத்தம் செய்யாதீர்கள், மழைத் தண்ணீர் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலக்கணிப்புக்குக் கரித்துண்டு, தானியம், எலும்பு இவற்றைக் கரிம (ரேடியோகார்பன்) முறைக்கு அனுப்புவார்கள். மண் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கணக்கிடும் ஒளிமுறைக்கு, வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயை அடித்து மண் எடுப்பார்கள். கரிசல் புரளும் மண் என்பதால் அந்த முடிவை மட்டும் தனியாக நம்ப மாட்டார்கள். தாழி இரும்புக்காலம் என்பதாலேயே ஒரே தேதி சொல்லிவிட முடியாது, தமிழ்நாட்டில் மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172 என்று முடிவு வந்திருக்கிறது, போர்க்களம் தாழியைத் தாப்பர் அதைவிட மிகப் பிந்தைய காலத்தில் வைத்தார். உங்கள் தாழி இந்த நீண்ட கோட்டில் எங்கே நிற்கிறது என்பதுதான் ஆராய்ச்சிக்கு வேண்டிய விஷயம், அதைச் சொல்ல உங்கள் காட்டு மண்ணால்தான் முடியும்.

காசைக் கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி, ஆசிட், தட்டான் கடைக் கரைசல் எதுவும் வேண்டாம். கறுப்பு நிறம் வெள்ளியின் மேல் படிந்த கந்தகச் சேர்மம், பச்சை இருந்தால் கலந்திருக்கும் செம்பு கசிந்தது. அந்தப் படலத்தில் துணிமுடிச்சின் நூல் அச்சு பதிந்திருக்கலாம், காசுகளைத் துணியில் முடிந்து வைத்தார்களா என்று அதுதான் காட்டும். ஒட்டிப்போன காசுகளைக் கத்தியால் பிரித்தால் முகமே உரிந்து வரும். கலயத்தையும் காசையும் மண்ணையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றி உலர்ந்த பெட்டியில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்து இன்னும் அரிக்கும்.

சட்டம். கேரளத்துக்கு 1968-லேயே தனிப் புதையல் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கம் 1878-ஆம் ஆண்டின் பழைய சட்டம். அடிப்படை ஒன்றுதான்: கிடைத்ததை எழுத்தில் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம். 1878 சட்டப்படி, உரிமை கொண்டாட யாரும் வராவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால், நில உரிமையாளருக்குக் கால். அரசு எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். கேரளச் சட்டப்படி உங்களுக்கும் ஜேசிபிக்காரருக்கும் என்ன பங்கு என்பதை சித்தூரிலேயே ஒரு வக்கீலிடம் அந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இது போக 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம்: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நீங்களாகத் தோண்டிப் பார்ப்பதும் வேண்டாம், முறையான அகழாய்வுக்கு அரசு அனுமதி வேண்டும்.

சேதி பரவினால் ஆட்கள் வருவார்கள். "நிதி இருக்கு, பூஜை போட்டு எடுக்கணும்" என்று ஒருவர், மெட்டல் டிடெக்டரோடு ஒருவர், இரிடியம், அரிசி இழுக்கும் செம்பு என்ற மோசடிக் கதையோடு இன்னொருவர். யாரையும் காட்டுக்குள் விடாதீர்கள். டிடெக்டர்காரர் உலோகம் இருக்கும் இடத்தில் மட்டும் நோண்டி எடுத்துவிட்டுப் போவார், சட்டியும் எலும்பும் அடுக்கும் நாசமாகும், அதைத் திரும்பச் சேர்க்க யாராலும் முடியாது.

எனவே இந்த வாரமே செய்ய வேண்டியது: கலெக்டருக்கு ஒரு கடிதம். கிடைத்த தேதி, சர்வே எண், எந்தக் குழி, தரையிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு ஆழம், கலயமும் தாழியும் எவ்வளவு தூரம், யார் யார் அப்போது இருந்தார்கள், காசு எத்தனை, மொத்த எடை எவ்வளவு. காசை எண்ணும்போது ஊர்க்காரர் இருவரை வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டியிருப்பதைப் பிரிக்காமல் கட்டியாகவே எழுதுங்கள். நகல் ஒன்றை மாநிலத் தொல்லியல் துறைக்கும், இன்னொன்றை வில்லேஜ் ஆபீசருக்கும் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எழுத வேண்டியிருந்தால் பள்ளிக்கூட வாத்தியார் யாரையாவது உதவச் சொல்லுங்கள், வேலை வேகமாக நடக்கும். இரண்டு குழிகளையும் அளவுகோல் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு, உள்ளே தார்ப்பாய் விரித்து, அதன்மேல் எடுத்த மண்ணைப் போடாமல் ஆற்றுமணல் போட்டு மூடுங்கள். பின்னால் தோண்ட வருபவர்களுக்கு எது பழைய மண், எது நீங்கள் போட்டது என்று உடனே தெரியும்.

காசில் இரண்டு மூன்றின் இரு பக்கமும் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பினால் எந்த வகை என்று சொல்கிறேன். ஊர்ப்பெயரையும் காட்டின் அடையாளத்தையும் பொதுவில் மட்டும் இனிமேல் எழுதாதீர்கள், உங்கள் கேள்விப் பதிவில் எழுதிய சர்வே எண்ணையும் எடுத்துவிடுங்கள்.